மறைத்துக் கட்டிக்கொடுத்த பெண்

ஆரணி
19.8.2001

மாப்பிள்ளை தனசேகரன் அவர்களுக்கு மாமனார் வேணுகோபால் எழுதுவது.

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. முதலில் ஒரு அசிங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யார் வாயிலிருந்தாவது உங்கள் காதுக்கு வந்தால் அது இன்னும் அசிங்கம்.

வெள்ளிக்கிழமை உங்களைத் திட்டுவதற்கென்றே எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். வீட்டில் தறியில் உட்கார்ந்தபடி ஒத்திகையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் போனேன். அந்தப் பக்கம் எடுத்தவர் 'அலோ' சொன்னதுமே ஆரம்பித்துவிட்டேன். "ஆடிக்குன்னு கொண்டாந்து உட்டீங்க, ஆவணி பொறந்தும் கூப்பிட ஆள் வரல, இன்னா மனுசன் நீங்க" என்று தொடங்கி மூச்சு விடாமல் பேசினேன். நடுவில் எங்கள் பரம்பரைப் பெருமை வேறு. முடித்த பிறகுதான் அந்தக் குரல் ரொம்ப மரியாதையாகக் குஜராத்தியில் ஏதோ கேட்டது. கடைசி நம்பரை மாற்றிப் போட்டிருக்கிறேன். பூத்துக்காரப் பையன் கண்ணாடிக்கு வெளியே திரும்பி நின்று சிரிக்கிறான். அந்தப் பெரிய மனிதருக்கு நான் திட்டியதில் ஒரு வார்த்தையும் புரிந்திருக்காது. உங்களுக்குப் புரிய வேண்டும் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன்.

போன வாரம் வந்தவாசியிலிருந்து உங்கள் அம்மா வந்தார்கள். ஹேமாவை அழைத்துப் போக வந்திருக்கிறார்கள் என்று நினைத்து உங்கள் மாமியார் ரங்கம்மாள் வடைக்குப் பருப்பு ஊறப்போட்டாள். சம்பந்தியம்மாள் செருப்பையே கழற்றவில்லை. வாசலில் நின்று தெருவே கேட்கிற மாதிரி, "பொண்ணு கொணம் தெரிஞ்சே மறைச்சு எங்க தலையில கட்டிட்டீங்க. என் புள்ள பேஜாராகிப் போய்ட்டான். இனிமே அவன் வர மாட்டான்" என்று சொல்லிவிட்டு, வந்த ஆட்டோவிலேயே போய்விட்டார்கள். ஊறின பருப்பை என்ன செய்வது என்று ரங்கம்மாள் என்னைக் கேட்டாள்.

மாப்பிள்ளை, நான் எட்டாவது வரை படித்தவன். சுற்றி வளைத்துக் கேட்க வராது. நான் என்ன மறைத்தேன்? போன ஐப்பசியில் நான் அனுப்பிய ஹேமலதா தெருவில் போகிறவர்களை நிறுத்திவைத்துப் பேசுவாள். இப்போது வந்திருப்பவள் வாசற்படியிலேயே படுக்கிறாள். கதவைத் தாழ்ப்பாள் போட விடுவதில்லை. திடீரென்று அம்மா மேல் சாப்பாட்டுத் தட்டை வீசுகிறாள், அப்புறம் காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். நேற்று முன்தினம் எதிர்வீட்டுக் கைக்குழந்தையைத் தொட்டிலிலிருந்து தூக்கிக்கொண்டு தெருக்கோடி வரைக்கும் ஓடினாள். அந்தக் குழந்தையின் தாய் பின்னாலேயே அலறிக்கொண்டு ஓட, அவளுக்குப் பின்னால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நான் ஓட, நல்ல வேடிக்கை ஊருக்கு.

அடித்தீர்களா? குடியா? வேறு சகவாசமா? என் பெண்ணை என்ன செய்தீர்கள்? எழுதுங்கள்.

வேணுகோபால்


அகமதாபாத்
2.9.2001

மாமா அவர்களுக்கு,

நான் அடிக்கவில்லை. குடிப்பதில்லை. மில்லையும் வீட்டையும் தவிர எனக்கு வேறு இடம் தெரியாது. நீங்கள் இப்படிக் கேட்டதை நான் மறக்க மாட்டேன்.

நீங்கள் ஒரு மாதம் பார்த்ததை நான் ஆறு மாதம் பார்த்தேன். குளிக்கும்போது கதவைச் சாத்தினால் வெளியே நின்று கதவை உடைப்பாள். ஆபீசுக்கு ஓயாமல் போன் செய்வாள், எடுத்தால் பேச மாட்டாள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, வீட்டைப் பார்த்துக்கொண்டு பிறகு வேலைக்கு வா என்றார். மாலையில் போனால் கட்டிப்பிடித்து அழுவாள். அடுத்த நிமிஷம் "நீங்க உட்டுட்டுப் போற ஆளு" என்று பிடித்துத் தள்ளுவாள். கண்ணாடி பீரோவை உடைத்தாள். தன் கையைத் தானே கடித்துக்கொள்வாள். மாடி வீடு வேண்டாம் என்று சொல்லி மூன்று வீடு மாற்ற வைத்தாள்.

ஆடிக்கு அவளைக் கொண்டுவந்து விட வரும் வழியில் சென்னையில் ஒரு மனநல டாக்டரிடம் காட்டினேன். உங்களிடம் சொல்லவில்லை. கோபம், ஒட்டிக்கொள்வது, வெறுப்பது, தன்னையே காயப்படுத்துவது, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு 'பார்டர்லைன் பர்சனாலிட்டி' என்றார். அது காய்ச்சல் போல வந்து போவதில்லை. ஆளின் இயல்பிலேயே இருப்பது, வளரும் வயதிலேயே வேர்விட்டு விடுவது என்றார். அப்படியென்றால் கல்யாணத்துக்கு முன்பே இருந்திருக்கிறது. பெற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்காது.

ஜனவரி பூகம்பத்தைச் சொல்வீர்கள் என்று தெரியும். இந்த ஊரே அதைத் தாண்டி வந்திருக்கிறது. எல்லாரும் வேலைக்குப் போகிறார்கள்.

ஒரு வக்கீலிடம் பேசியிருக்கிறேன். மறைத்துச் செய்த கல்யாணம் செல்லாது என்கிறார்.

தனசேகரன்


ஆரணி
14.9.2001

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு நெய்த சேலையில் இரண்டு இடத்தில் இழை விட்டுவிட்டேன். பார்டர் என்றால் எனக்குத் தெரிந்தது ஜரிகைக் கரைதான். அதிலும் ஒரு நோய் இருக்கிறது என்று உங்களால்தான் தெரிந்துகொண்டேன், நன்றி.

எங்கள் தொழிலில் ஒரு சண்டை உண்டு. சேலை கடைக்குப் போய்ப் பழுதோடு திரும்பி வரும். கடைக்காரர் "நெசவுலயே இருந்திச்சி" என்பார். நெய்தவன் "நான் குடுக்கும்போது நல்லாத்தான் இருந்திச்சி" என்பான். நீங்கள் இப்போது அந்தக் கடைக்காரர் மாதிரி பேசுகிறீர்கள். நான் கொடுக்கும்போது நன்றாகத்தான் இருந்தது.

சாட்சி வேண்டுமா? இத்துடன் அவள் படித்த பள்ளிக்கூடத்தில் வாங்கிய நன்னடத்தைச் சான்றிதழ் வைத்திருக்கிறேன். இதற்காகத் தலைமையாசிரியர் வீட்டு வாசலில் போய் நின்றேன். "கல்யாணம் ஆன பொண்ணுக்கு இது எதுக்குங்க?" என்று கேட்டார். மாப்பிள்ளை கேட்கிறார் என்று சொல்ல நாக்கு வரவில்லை. வேலைக்கு என்று பொய் சொன்னேன். அவளோடு படித்த சுபலட்சுமியைத் தேசூருக்குப் போய்ப் பார்த்தேன். "சித்தப்பா, அவகிட்ட எனுக்கு ஒரே ஒரு தபா சண்ட. மறுநாளே நெல்லிக்கா வாங்கியாந்து குடுத்துட்டா" என்றது அந்தப் பெண். பத்து வருஷ சிநேகிதம், ஒரு சண்டை. உங்கள் டாக்டர் சுபலட்சுமியிடம் கேட்டாரா? என்னிடம் கேட்டாரா? ஒரு மணி நேரம் உங்களிடம் கேட்டுவிட்டு என் மகளின் இருபத்திரண்டு வருஷத்துக்கும் பெயர் வைத்துவிட்டார்.

இன்னொன்றும் சொல்கிறேன். இவள் தனியாக இருந்தால் எதையாவது நினைத்துக் குமுறுவாள், பக்கத்தில் ஆள் சத்தம் இருக்கட்டும் என்று, பக்கத்து வீட்டுச் சிவப்பிரகாசத்தின் பவர்லூம் கொட்டகைச் சுவரை ஒட்டின அறையில் படுக்கை போட்டுக் கொடுத்தேன். பகல் முழுக்க ஓடும், துணையாக இருக்கும் என்று நினைத்தேன். மூளைக்காரன் நான். அந்த அறைக்குப் போன பிறகு அதிகமானதே தவிரக் குறையவில்லை. கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினோம், அதைப் பல்லாலேயே கடித்து அறுத்தாள். வேலூரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகப் போகிறேன். நீங்கள் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

தலைப்பொங்கலுக்குப் பெண்ணை அனுப்புங்கள் என்று மணியார்டரோடு கடிதமும் போட்டேன். லீவு இல்லை என்றீர்கள். அனுப்பியிருந்தால் பூகம்பம் வந்த அந்தக் குடியரசு தினத்தன்று அவள் எங்கள் வீட்டில் பொங்கல் பானையைக் கழுவிக்கொண்டு இருந்திருப்பாள்.

வக்கீல் நோட்டீசைத் தாராளமாக அனுப்புங்கள். தபால்காரர் எனக்குச் சிநேகிதர்.

வேணுகோபால்


அகமதாபாத்
30.9.2001

மாமா அவர்களுக்கு,

நன்னடத்தைச் சான்றிதழைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அது எல்லாருக்கும் கொடுப்பது. என்னிடமும் ஒன்று இருக்கிறது. எங்கள் பள்ளியில் வாத்தியாரின் சைக்கிளைத் திருடியவனிடமும் இருக்கிறது.

தலைப்பொங்கலைச் சொல்லிக் காட்டியிருக்கிறீர்கள். அதை நான் எனக்குள் எவ்வளவு முறை சொல்லிக்கொண்டேன் என்று உங்களுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

நானும் மனிதன்தான். பேசிக்கொண்டே இருக்கும்போது அவள் கண் என்னைப் பார்ப்பதை நிறுத்திவிடும். "ஜசோதாபென், ஜசோதாபென்" என்று தரையில் கையால் துழாவுவாள். நான் தோளைத் தொட்டால் யாரோ திருடன் தொட்டது மாதிரி அடிப்பாள். செத்துப்போன ஒருத்தியைப் போய்க் கூட்டிவா என்று என்னை விரட்டுவாள். இதோடு எப்படிக் குடும்பம் நடத்துவது? அவளே உங்களிடம் இதையெல்லாம் சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன். சொல்லியும் என்மீதே பழி போடுகிறீர்கள்.

இனிமேல் வக்கீல் எழுதுவார்.

தனசேகரன்


ஆரணி
11.10.2001

மாப்பிள்ளைக்கு,

யார் ஜசோதாபென்?

கையில் உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு நான் கத்தின கத்தலில் ரங்கம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்துவிட்டாள். ஹேமாவிடம் மெதுவாகக் கேட்டேன். அந்தப் பெயரைச் சொன்னதும் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிப்போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தவள், விளக்கு வைக்கிற வரைக்கும் உள்ளே வரவில்லை. எங்களிடம் அவள் ஒன்றும் சொன்னதில்லை. நீங்களும் சொன்னதில்லை.

திங்கட்கிழமை வேலூரில் காட்டினோம். ஒரு டாக்டரம்மா. ஹேமாவிடம் தனியாகப் பேசிவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார்கள்.

"கல்யாணத்துக்கு அப்பறம்தாம்மா" என்றேன்.

"கல்யாணத்துக்கு அப்புறமா, பூகம்பத்துக்கு அப்புறமா?"

எங்கள் வீட்டில் இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. போனது தெரியும், திரும்பி வந்தது தெரியும். அதற்கு முன்னால் எப்படி இருந்தாள் என்று கேட்டார்கள். கேட்கவா வேண்டும்? பால்வாடியில் ஆரம்பித்தேன். வாத்தியார், சுபலட்சுமி, நெல்லிக்காய், எல்லாம் சொன்னேன். சான்றிதழைக்கூட எடுத்து நீட்டினேன். அந்தம்மா சிரிக்காமல் வாங்கிப் பார்த்தார்கள், அதுவே பெரிய மரியாதை. பிறகு, "பூகம்பத்தன்னிக்கு இவங்களுக்கு என்ன ஆச்சு?" என்றார்கள்.

"ஒண்ணும் ஆவலம்மா. சின்ன சிராய்ப்பு. மாப்பிள்ளை எழுதினாரு."

பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டார்கள்.

"முன்பாதி தெரிஞ்சவர் இங்க உக்காந்திருக்கீங்க. பின்பாதி தெரிஞ்சவர் அகமதாபாத்ல இருக்காரு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிட்டே இருந்தா நான் யாரைக் கேட்டு வைத்தியம் பண்றது?"

சேலைக் கதையை அவர்களிடமும் சொல்லிப் பார்த்தேன். "பொண்ணு சேலை இல்லைங்க" என்றார்கள்.

அப்புறம் பொறுமையாகச் சொன்னார்கள். உங்கள் டாக்டர் சொன்ன நோயையும், இவர்கள் சந்தேகப்படும் நோயையும் வெளியிலிருந்து பார்த்தால் அக்கா தங்கை மாதிரி இருக்குமாம். இரண்டிலும் கோபம் வருமாம். தூக்கம் போகுமாம், விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்கிற பயமும் வருமாம். "ஆனா அவர் சொன்னது திடீர்னு வர்றதில்லைங்க. பதினஞ்சு பதினாறு வயசுலயே மெல்லத் தெரிய ஆரம்பிக்கும். வீடு, ஸ்கூலு, சிநேகிதம்னு எங்க போனாலும் கூடவே வரும். நெருங்கினவங்க இன்னிக்கு சாமி, நாளைக்குப் பேய். 'நான் யாரு'ன்னே பிடிபடாத ஒரு வெறுமை இருக்கும். மனுஷங்க விலகுற மாதிரி தெரிஞ்சாலே நெருப்புப் பத்திக்கும். இன்னொண்ணுக்கு ஒரு நாள் உண்டு. அந்த நாளைக்கு முன்னாடி ஒரு ஆளு, பின்னாடி ஒரு ஆளு. நமக்கு அது முடிஞ்சுபோன நாள், அவங்களுக்கு முடியவே இல்ல. எது அதை ஞாபகப்படுத்துதோ அது வந்தா, நினைச்சுப் பாக்கிறதில்ல, அங்கயே போய்டுவாங்க. உங்க வீட்ல எப்ப அதிகமாகுது? யாராவது திட்டினாலா?"

நான் திட்டாத திட்டா? கேட்டுக்கொண்டு சும்மாதான் இருப்பாள். எப்போது அதிகமாகிறது என்று யோசித்துக்கொண்டே இருக்கும்போது, பக்கத்தில் இருந்த ரங்கம்மாள் சொன்னாள்: "கரண்டு போய்ட்டு வரச்சொல்லோதாம்மா. பக்கத்துக் கொட்டாயில தறிங்க அத்தினியும் ஒரே நேரத்துல ஓடும். எங்க ஊட்டுத் தரையே கிடுகிடுன்னு ஆடும்."

மாப்பிள்ளை, அந்தக் கொட்டகைச் சுவரோரத்தில்தான் நான் அவளுக்குப் படுக்கை போட்டுக் கொடுத்தேன். துணைக்கு இருக்கட்டும் என்று. எதிர்வீட்டுக் குழந்தையை அவள் தூக்கிக்கொண்டு ஓடியதும் கரண்ட் வந்த நேரம்தான். திருடவில்லை, காப்பாற்றிக்கொண்டு ஓடியிருக்கிறாள். என் செருப்பைக் கழற்றி என்னையே அடித்துக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரியில் செருப்பை வெளியே விடச் சொல்லியிருந்தார்கள், தப்பித்தேன்.

உடனே ரோஷம் வந்து, "அந்தக் கொணக் கோளாறு இல்லன்னு எழுதிக் குடுங்கம்மா. மாப்பிள்ளை மூஞ்சில விசிறிட்டு வரேன்" என்றேன். அந்தம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அதுவும் நோய்தாங்க, திட்டுற வார்த்தை இல்ல. அதுக்கும் வைத்தியம் இருக்கு. அதோட எத்தனையோ பேர் நல்லா வாழறாங்க. உங்க பொண்ணுக்கு அது இருந்தா நீங்க தள்ளி வெச்சிடுவீங்களா? சில பேருக்கு ரெண்டும் சேர்ந்தும் இருக்கும். அன்னிக்கு நடந்தது என்னன்னு தெரியாம நான் எந்தப் பேரும் வைக்க மாட்டேன்" என்றார்கள்.

நடந்தது என்ன? உங்கள் பிப்ரவரிக் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். 'கட்டடம் கொஞ்சம் சேதம். இருவரும் நலம்.' மறைத்தது நானா, நீங்களா? தெருவில் நின்று உங்கள் அம்மா கேட்ட கேள்வியை இப்போது நான் உங்களைக் கேட்கிறேன். வக்கீலை வைத்துப் பதில் எழுதாதீர்கள். நீங்களே எழுதுங்கள்.

வேணுகோபால்


அகமதாபாத்
24.10.2001

மாமா அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தைப் பல தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதுவும் கிழிவதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

அன்று காலை கொடியேற்றத்துக்காக மில்லுக்குப் போயிருந்தேன். மைதானம் ஆடியது. ஓடி வந்து பார்த்தபோது எங்கள் கட்டடம் இல்லை. நான்கு மாடி, ஒரு ஆள் உயரத்துக்குக் குறுகிக் கிடந்தது. 'கொஞ்சம் சேதம்' என்று எழுதியது அதைத்தான்.

ஜசோதாபென் மேல்மாடிக்கார அம்மாள். ஹேமாவுக்குக் குஜராத்தி சொல்லிக்கொடுத்தவர். கடைக்குப் போகவும் கறிகாய் பேரம் பேசவும் கூடவே அழைத்துப் போவார். புது ஊரில் அவளுக்கு இருந்த ஒரே மனுஷி. இருவரும் படியில் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். படிக்கட்டுச் சரிவுக்கு அடியில் ஒரு பொந்து மாதிரி. அதற்குள் இருந்து ஹேமாவின் குரல் கேட்டது. ஜசோதாபென் குரலும் கேட்டது.

கையால் தோண்டினோம். சிமெண்ட் பலகையைத் தூக்க ஜாக்கி வேண்டும் என்றார்கள். ஊரில் எல்லா இடத்திலும் இதே கதை, யாரும் வருவதாக இல்லை. மில்லில் ஜாக்கி இருந்தது. "போய் எடுத்துனு வந்துர்றேன்" என்று உள்ளே பார்த்துச் சொன்னேன். "போவாதீங்க" என்றாள். திரும்பத் திரும்ப அந்த ஒரே வார்த்தைதான். நான் போனேன். போகாமல் எப்படி? ஆனால் ரோடெல்லாம் ஜனம், இடிபாடு. ஜாக்கியும் ஆட்களுமாகத் திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அதற்குள் இன்னும் ஒருமுறை பூமி ஆடியிருந்தது. ஜசோதாபென் குரல் நின்றிருந்தது. அவர் கை ஹேமாவின் கைக்குள்ளேயே இருந்திருக்கிறது.

நான் கூப்பிட்டேன். பதில் இல்லை. போய்விட்டாள் என்று நினைத்தேன். அப்புறம் ஒரே ஒரு வார்த்தை வந்தது. "போய்ட்டீங்க." வெளியே எடுத்த பிறகும் அதைத்தான் சொன்னாள். இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறாள். அதை நான் குணம் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்பாவுக்குச் சொல்லாதீர்கள் என்று அவள்தான் கேட்டாள். எனக்கும் அது வசதியாக இருந்தது. சொல்லியிருந்தால் நீங்கள் அடுத்த ரயிலில் வந்து கூட்டிக்கொண்டு போயிருப்பீர்கள். சென்னை டாக்டர், பூகம்பத்தில் ஏதாவது பாதிப்பா என்று கேட்டார். "எங்களுக்கு இல்லை" என்றேன். அதனால் அவர்மீதும் முழுக் குற்றம் சொல்ல முடியாது.

ஆனால் என் கோபம் ஒன்று பாக்கி இருக்கிறது, மாமா. கல்யாணத்துக்கும் அந்தக் காலைக்கும் நடுவில் இரண்டு மாதம் சொச்சம். அதில் பாதி கூச்சத்திலேயே போனது. அவள் ஒருமுறை சத்தமாகச் சிரித்தாள், அது எதற்கு என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. நீங்கள் பக்கம் பக்கமாக எழுதுகிற அந்தப் பெண்ணை நான் பார்க்கவே இல்லை. எதோடு ஒப்பிட்டு இவள் மாறிவிட்டாள் என்று எனக்குத் தெரியும்? இதுதான் ஹேமலதா என்று நினைத்தேன். ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். உங்கள்மீது கோபப்படுவது சுலபமாக இருந்தது.

இந்தக் கடிதத்தை டாக்டரிடம் காட்டுங்கள். அவளிடம் காட்டாதீர்கள்.

தனசேகரன்


ஆரணி
2.11.2001

மாப்பிள்ளைக்கு,

காட்டினேன். டாக்டரம்மா இரண்டு தடவை படித்தார்கள். பேர் வைத்துவிட்டார்கள். பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு வருகிற மன உளைச்சல். இங்கிலீஷில் 'போஸ்ட் ட்ரமாட்டிக் ஸ்ட்ரெஸ்'. இதைச் சொல்லிப் பழகுவதற்குள் பஸ் கண்ணமங்கலம் வந்துவிட்டது. மாத்திரை கொஞ்சம், பேச்சு நிறைய. வாராவாரம் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நாளை அவளாகவே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சொல்லிப் பழக வேண்டுமாம். நாம் கிளறக் கூடாதாம்.

ஹேமாவைச் சேவூரில் என் தங்கை பாஞ்சாலை வீட்டில் விட்டிருக்கிறேன். கழனி ஓரம், ஓட்டு வீடு, மாடி கிடையாது. பவர்லூம் எதுவும் பக்கத்தில் இல்லை. கைத்தறிதான். கைத்தறி தரையை ஆட்டாது. போன வாரம் பாஞ்சாலைக்கு உட்கார்ந்து தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுத்திருக்கிறாள்.

உங்கள் கடிதத்தைப் படித்து நான் அழுதேன். அதற்காகக் கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். என் மகள் ஒரு பகல் முழுக்க மண்ணுக்கடியில் கிடந்திருக்கிறாள். அன்றைக்கு நான் இங்கே கொடியேற்றத்தில் கொடுத்த மிட்டாயைத் தின்றுகொண்டு இருந்திருக்கிறேன். ஒன்பது மாதம் கழித்து எனக்குச் சொல்கிறீர்கள். நான் பெற்றவனா, பேப்பரில் படிக்கிறவனா? தலைப்பொங்கலை நான் சாகும்வரை சொல்லிக் காட்டுவேன். வந்து நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தலைத்தீபாவளி வருகிறது. முறைப்படி தட்டோடு வந்து அழைக்க வேண்டும், அகமதாபாத் தூரம். இதையே தட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். வேட்டி எடுத்தாகிவிட்டது. ஆனால் வெடி கிடையாது. மாப்பிள்ளைக்கு வெடிக்கட்டு வாங்கித் தராத முதல் மாமனார் இந்த ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன். சேவூரில் அந்தத் தெருவில் வீடு வீடாகப் போய் அன்றைக்கு வெடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். "இன்னாங்க, தீவாளிய நிறுத்தச் சொல்றீங்க?" என்கிறார்கள். கையெடுத்துக் கும்பிடுகிறேன். கும்பிட்டும் கேட்காதவர்களைத் திட்டுகிறேன். திட்டுவதில் இப்போது எனக்கு நல்ல பழக்கம்.

வேணுகோபால்


அகமதாபாத்
8.11.2001

மாமா அவர்களுக்கு,

வருகிறேன்.

கூட்டிப் போக வருகிறேன் என்று அவளிடமோ ஊரிலோ சொல்லிவிடாதீர்கள். என்னால் முடியுமா என்று எனக்கே தெரியாது. வருகிறேன் என்பது மட்டும்தான் உறுதி. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. வக்கீலிடம் சொல்லிவிட்டேன், கேஸ் கட்டை மூடிவிட்டார்.

தனசேகரன்


ஆரணி
21.11.2001

மாப்பிள்ளைக்கு,

சௌகரியமாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். நீங்கள் இருந்தபோது நடந்தது உங்களுக்குத் தெரியும். தெரியாததை எழுதுகிறேன்.

காலையில் நீங்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருந்தபோது கழனிப் பக்கம் ஒரு வெடிச் சத்தம் கேட்டதே, ஹேமா கதவைத் தாண்டி ஓடினாளே, நீங்கள் எண்ணெயோடு பின்னால் ஓடினீர்களே, அப்போது நான் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. வெடி வைத்தவனைப் பிடிக்கப் போய் வரப்பில் வழுக்கி நாற்றங்காலில் விழுந்து கிடந்தேன். புது வேட்டி. பிடிக்கப் போனது யாரை என்று நினைக்கிறீர்கள்? நம் பவர்லூம் சிவப்பிரகாசத்தின் மச்சான், நாற்பது வயது. "பெரியவரே, ஒண்ணே ஒண்ணுதான் வெச்சேன்" என்கிறான். சேற்றில் இருந்தபடியே நான் பேசியதை இங்கே எழுத முடியாது.

சேறும் நானுமாக வந்து கிணற்றடிச் சுவருக்குப் பின்னால் நின்றேன். ஒட்டுக் கேட்க நிற்கவில்லை, அந்தக் கோலத்தில் வெளியே வர முடியவில்லை. ஆனாலும் கேட்டேன். அவள் உங்கள் மார்பில் குத்திக் குத்தி, "ஏன் போனீங்க, நான் சொல்லச் சொல்ல ஏன் போனீங்க" என்று கத்தினாள். ஜாக்கி, ரோடு, ஜனம் என்று நீங்கள் நியாயம் சொல்லப் போகிறீர்கள் என்று நினைத்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் சேற்றோடு வந்து அறைந்திருப்பேன். "ஆமா, போனேன். நீ கூப்பிட்டுகினே இருந்த" என்றீர்கள். அவள் ரொம்ப நேரம் அழுதாள். ஜசோதாபென் பெயரை அவளாகச் சொன்னது அப்போதுதான். எனக்கு உங்கள்மேல் இருந்த கோபத்தில் ஒரு பிடி அங்கே கழன்றது. மீதி இருக்கிறது.

நீங்கள் பஸ் ஏறின அன்று மத்தியானம், "கிளம்பிட்டாரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "தையில வரேன்னு சொன்னாரு. வர மாட்டாரு" என்றாள். ஒன்றும் வீசவில்லை, ஓடவில்லை. சொல்லிவிட்டுச் சாப்பிட்டாள். வேலூரில் இதைச் சொன்னேன். "நம்பலன்னு வாயால சொல்றாங்க இல்ல, நல்லது" என்றார்கள் டாக்டரம்மா. தையில் வந்துவிடுங்கள். வராவிட்டால் இந்தத் தடவை சரியான நம்பரில் திட்டுவேன்.

பஸ் ஸ்டாண்டில் நீங்கள் கேட்டீர்கள். "பழையபடி ஆயிடுவாளா, மாமா? நீங்க எழுதினீங்களே, அந்தப் பொண்ணு மாதிரி?"

"ஆயிடுவா மாப்பிள்ளை, ஆவாம இன்னா" என்று நான் தலையை ஆட்டினேன். பஸ் கிளம்பிவிட்டது.

டாக்டரம்மாவிடம் அதையே நானும் கேட்டிருந்தேன். குணமாகும், தூங்குவாள், சிரிப்பாள், குடும்பம் நடத்துவாள் என்றார்கள். அதே ஆளாகவா என்றேன். அதற்கு, அடுத்த வாரம் வர வேண்டிய தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். சேவூரில் அவள் தலை குனிந்து தார் சுற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். கை தெரிகிறது, நெற்றி தெரிகிறது. என்ன நினைக்கிறாள் என்று தெரியவில்லை. முன்பெல்லாம் அவள் வாயைத் திறப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிடும். இப்போது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது, கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. உங்களோடு இத்தனை சண்டை போட்டு நான் நிரூபித்த பெண்ணை நானும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பஸ்ஸுக்குக் கீழே நின்று வாயால் சொல்லாதது இதுதான். எனக்கும் இவள் புதுசு, மாப்பிள்ளை.

வேணுகோபால்